தொழுவத்துத் தூசியும் பிள்ளையின் மரபணுவும்

ஒரு களப்பயிற்சி முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். எதிர் வரிசையில் புதிதாக இயற்கை வேளாண்மைக்கு வந்த இளம் தம்பதி. அம்மாவின் மடியில் மூன்று வயதுப் பையன். சாப்பிட்டு முடித்ததும் அந்தத் தங்கை கேட்டார்:

"அண்ணே, ஒரு சந்தேகம். எங்க மாமியார், புள்ளையை மாட்டுக் கொட்டாய்ல விட்டு வளத்தா ஒண்ணும் வராதுங்கறாங்க. டாக்டர், தூசிப் பக்கமே விடாதீங்கன்னு சொல்றாரு. இவனுக்குக் குளிர் காத்து பட்டாலே இழுப்பு வருது. நான் யார் பேச்சக் கேக்கறது?"

பக்கத்தில் இருந்த பெரியவர் சட்டென்று, "நாங்கள்லாம் சாணியிலயும் புழுதியிலயும்தான் வளந்தோம். எங்களுக்கு என்ன கெட்டுப் போச்சு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தத் தாய் மட்டும் சிரிக்கவில்லை. "இரும்மா, படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லி வந்தேன். அந்தப் படிப்புதான் இந்தப் பாடம்.

மரபணு இருப்பது வேறு, பேசுவது வேறு

ஒரே விதைநெல்லை இரண்டு பேர் வாங்கிப் போகிறார்கள். ஒருவர் வயலில் தூர் கட்டிச் செழிக்கிறது. இன்னொருவர் வயலில் நோஞ்சானாக நிற்கிறது. விதை மாறவில்லை. மண்ணும் நீரும் பருவமும்தான் மாறின. அது நமக்குத் தெரியும்.

நம் உடம்பும் அப்படித்தான். புரதம் செய்யும் மரபணுக்கள் மனிதருக்குச் சுமார் 20,000 உண்டு. கண்ணில் உள்ள உயிரணுவிலும் கல்லீரலில் உள்ள உயிரணுவிலும் ஒரே தொகுப்புதான் இருக்கிறது. ஆனாலும் கண் கண்ணாகவும் கல்லீரல் கல்லீரலாகவும் வேலை செய்கின்றன. காரணம், எல்லா மரபணுவும் எல்லா நேரமும் வேலை செய்வதில்லை. எது எங்கே எப்போது எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்ற ஏற்பாட்டைத்தான் 'மரபணு வெளிப்பாடு' என்கிறார்கள்.

இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது? ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் ஏறக்குறைய 2 மீட்டர் நீளத்துக்கு டிஎன்ஏ இழை இருக்கிறது. ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளின் மேல், நூல்கண்டில் நூல் சுற்றியதுபோல அது சுற்றியிருக்கிறது. இறுக்கமாகச் சுற்றிய இடத்தில் உள்ள மரபணுவைப் படிக்க முடியாது. தளர்ந்த இடத்தில் உள்ளதைப் படிக்கலாம். ஹிஸ்டோனில் அசிடைல் என்ற சிறு வேதிப்பொருள் ஒட்டினால் சுற்று தளரும். அதைப் பிய்த்தெடுக்கும் நொதிகளும் உண்டு. பிய்த்தெடுத்தால் சுற்று மறுபடி இறுகிவிடும். இந்த ஒட்டலையும் பிய்த்தலையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எதிர்க்கத் தெரிந்தால் போதாது, பொறுக்கவும் தெரிய வேண்டும்

நோய் எதிர்ப்பு ஆற்றல் என்றால் கிருமியை அடித்துக் கொல்வது என்றே நினைக்கிறோம். அது பாதி வேலைதான். சாப்பாடு, மகரந்தம், வீட்டுத் தூசி, நம் சொந்த உறுப்பு இவற்றையெல்லாம் அடிக்காமல் விடுவது மீதிப் பாதி. இழுப்பு நோயில் கெடுவது இந்த இரண்டாம் பாதி. தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளும் பூவின் மகரந்தமும் யாரையும் கொல்ல வந்தவை அல்ல. அவற்றைப் பகையாக எண்ணி உடம்பு போர் தொடுக்கிறது. மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்குகிறது, சளி கட்டுகிறது, பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது.

போரை அடக்கும் வெள்ளை அணுக்கள் தனியாக உண்டு என்பதை ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995இல் காட்டினார். 'ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள்' என்பது அவற்றின் பெயர். நாம் சுருக்கமாக 'அடக்கும் அணுக்கள்' என்று வைத்துக்கொள்வோம். தோல் செதில் செதிலாகி, தன் உடம்பைத் தானே தாக்கிச் சில வாரங்களில் செத்துப்போகும் ஒரு சுண்டெலி வகை உண்டு. அதில் கெட்டிருந்த மரபணு ஃபாக்ஸ்பி3 என்று அமெரிக்காவில் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் 2001இல் கண்டறிந்தார்கள். அடக்கும் அணுக்கள் உருவாக அந்த மரபணு வேலை செய்தாக வேண்டும். இந்த மூவருக்கும்தான் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

சரி, ஃபாக்ஸ்பி3 மரபணுவைத் திறந்துவிடுவது எது? பல வழிகள் உண்டு. அதில் ஒன்று நம் குடலில் இருக்கிறது.

குடலும் ஒரு வேர்மண்டலம்

செடி தான் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை வேர் வழியாக மண்ணில் விடுகிறது. நுண்ணுயிர்கள் அதைத் தின்று செடிக்குச் சத்தைக் கரைத்துக் கொடுக்கின்றன. இது நமக்குப் பழகிய பாடம். தாய்ப்பாலிலும் இதே கதை நடக்கிறது. தாய்ப்பாலில் உள்ள ஒருவகைச் சிக்கலான சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. பிறகு எதற்காக அவை? குழந்தையின் குடலில் வாழும் பிஃபிடோ பாக்டீரியாக்களுக்கான தீனி அவை. தாய் தன் பிள்ளைக்கு மட்டும் பால் கொடுக்கவில்லை, பிள்ளையின் நுண்ணுயிர்களுக்கும் சேர்த்தே கொடுக்கிறாள்.

வளர்ந்த ஒரு மனிதரின் உடம்பில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் ஒரு கணக்கு வந்தது. பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. நாம் செரிக்காமல் விடும் நார்ச்சத்துதான் அவற்றுக்கு உணவு. நாரைப் புளிக்கவைத்து அவை பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடலின் உட்சுவர் அணுக்களுக்கு முக்கியமான எரிபொருள் அதுதான்.

பியூட்டிரேட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஹிஸ்டோனிலிருந்து அசிடைலைப் பிய்த்தெடுக்கும் நொதிகளை அது தடுக்கிறது. தடுத்தால் சுற்று தளர்ந்தே இருக்கும், மரபணு படிக்கப்படும். 2013இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைச் சுண்டெலிகளில் பார்த்தன. பியூட்டிரேட் கிடைத்தபோது ஃபாக்ஸ்பி3 இருக்கும் இடம் தளர்ந்தது, அடக்கும் அணுக்கள் பெருகின. பாக்டீரியா தின்ற நாரின் கழிவு, நம் வெள்ளை அணுவின் மரபணுவைத் திறந்துவிடுகிறது. வேர்மண்டலத்தில் நடக்கும் கொடுக்கல் வாங்கல் போலத்தான் இதுவும்.

நுண்ணுயிரே இல்லாமல் கண்ணாடிக் கூண்டில் வளர்க்கும் சுண்டெலிகளும் ஆய்வகங்களில் உண்டு. அவற்றின் குடலில் நோய் எதிர்ப்புத் திசுக்கள் சரியாக வளர்வதில்லை. குடலைக் காக்கும் எதிர்ப்புப் புரதமும் மிகக் குறைவாக இருக்கிறது. கிருமியே இல்லாத இடத்தில் நலமான உடம்பு உருவாகும் என்ற எண்ணம் இங்கே அடிபட்டுப் போகிறது.

ஒரே மரபு, இரண்டு பண்ணை

இப்போது தொழுவத்துக்கு வருவோம். இதற்கு அமெரிக்காவில் இரண்டு உழவர் சமூகங்களைப் பார்க்க வேண்டும்.

ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு கிறித்தவ சமூகங்கள். இரண்டும் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் வேர் கொண்டவை, 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அமெரிக்கா போனவை. மரபணு அளவில் நெருங்கியவர்கள். இரண்டிலும் பெரிய குடும்பம், ஒரே மாதிரியான கொழுப்பு மிகுந்த சாப்பாடு. புகைபிடிப்பவர்களும் வீட்டுக்குள் நாய் பூனை வளர்ப்பவர்களும் அரிது. இரண்டு சமூகத்துக்கும் தொழில் உழவு.

ஒரே ஒரு பெரிய வேறுபாடு, பண்ணை செய்யும் விதம். இண்டியானாவில் உள்ள ஆமிஷ் மக்கள் குடும்பத்துக்கு ஒரு சிறு பால் பண்ணை வைத்திருக்கிறார்கள். குதிரை பூட்டி உழுகிறார்கள். தொழுவம் வீட்டை ஒட்டியே இருக்கும். குழந்தை தவழும் பருவத்திலேயே அங்கே போய்விடும். தெற்கு டகோட்டாவில் உள்ள ஹட்டரைட் மக்கள் கூட்டாகப் பெரிய பண்ணை நடத்துகிறார்கள். எல்லாம் எந்திரமயம். மாட்டுக் கொட்டகை வீட்டிலிருந்து தள்ளி இருக்கும். சிறு பிள்ளைகள் அந்தப் பக்கம் போவதில்லை.

பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஆஸ்துமா எவ்வளவு என்று பாருங்கள். ஆமிஷ் பிள்ளைகளில் 5.2 விழுக்காடு, ஹட்டரைட் பிள்ளைகளில் 21.3 விழுக்காடு. ஒவ்வாமைக் கூறு 7.2க்கு எதிராக 33.3. ஒரே ஊர் விதை, இரண்டு வயல்!

சிகாகோ, அரிசோனா, ஜெர்மனியின் மியூனிக் ஆகிய இடங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து ஒவ்வொரு சமூகத்திலும் 30 பிள்ளைகளின் ரத்தத்தையும் வீட்டுத் தூசியையும் ஆராய்ந்தார்கள். 2016இல் முடிவு வெளிவந்தது. சிலவகை பாக்டீரியாவின் வெளிச்சுவரில் எண்டோடாக்சின் என்ற பொருள் இருக்கும். ஆமிஷ் வீட்டுத் தூசியில் அது 6.8 மடங்கு அதிகம். இரண்டு சமூகப் பிள்ளைகளின் வெள்ளை அணுக்களிலும் மரபணுக்கள் வேலை செய்யும் விதம் வேறுபட்டிருந்தது.

அடுத்து, தூசியை எடுத்துச் சுண்டெலிகளின் மூக்கில் விட்டார்கள். ஆமிஷ் தூசி பெற்ற எலிகளுக்கு ஆஸ்துமா போன்ற நோயை உண்டாக்க முயன்றபோது அது பெரிதாக வரவில்லை. ஹட்டரைட் தூசி காப்பாற்றவில்லை. நுண்ணுயிரின் வருகையை உணர்ந்து சொல்லும் இரண்டு மரபணுக்களை நீக்கிய எலிகளில், ஆமிஷ் தூசியும் பலிக்கவில்லை. தூசி தானாக மருந்தாகிவிடவில்லை. அதை 'கேட்க' உடம்பில் காது இருந்தால்தான் பலன் கிடைக்கிறது.

அடக்கும் நொதி ஒன்று

இதற்கு ஓராண்டு முன்னால், 2015இல், பெல்ஜியத்தின் கென்ட் நகர ஆய்வாளர்கள் அந்தக் காது கேட்டபின் என்ன நடக்கிறது என்று காட்டியிருந்தார்கள். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து பால் பண்ணைகளின் தூசியைச் சிறிது சிறிதாகத் தொடர்ந்து சுவாசித்த சுண்டெலிகளின் மூச்சுக்குழாய்ச் சுவரில் ஏ20 என்ற நொதி கூடியது. எரிச்சலைத் தணிப்பது அதன் வேலை. தினமும் வண்டி போகும் தெருவில் படுத்திருக்கும் நாய் ஒவ்வொரு வண்டிக்கும் குரைக்காது இல்லையா, அதுபோல. பிறகு வீட்டுத் தூசி உண்ணியைக் கொடுத்தபோது அந்த எலிகளுக்கு ஆஸ்துமா வரவில்லை. மூச்சுக்குழாய்ச் சுவரில் ஏ20 மரபணுவை நீக்கியபோது காப்பும் போய்விட்டது. 2016 ஆய்வில் ஆமிஷ் பிள்ளைகளின் ரத்தத்தில் கூடுதலாக வேலை செய்த மரபணுக்களில் இந்த ஏ20க்கான மரபணுவும் ஒன்று.

இங்கே இரண்டு சொற்களை அடிக்கோடிடுங்கள்: சிறிது சிறிதாக, தொடர்ந்து. நோய் வந்தபின் ஒரே நாளில் மூட்டை மூட்டையாகத் தூசி சுவாசிப்பது இதில் சேராது.

காலம் முக்கியம்

ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2006இல் வந்தது. கர்ப்ப காலத்தில் தாய் தொழுவத்தில் வேலை செய்திருந்தால், நுண்ணுயிரை உணரும் மரபணுக்கள் அவள் பிள்ளையிடம் கூடுதலாக வேலை செய்தன. இன்னொன்றும் தெரிந்தது. தாய் பழகிய கால்நடை வகைகள் கூடக்கூட அந்த வெளிப்பாடும் கூடியது. மாடு மட்டும் என்றால் ஒரு அளவு, மாடு, ஆடு, கோழி, பன்றி என்றால் அதைவிடக் கூடுதல். கலப்புப் பண்ணையைப் பற்றிப் பேசும் நமக்கு இது கவனிக்க வேண்டிய செய்தி.

ஆஸ்திரியா, ஃபின்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய ஐந்து நாடுகளில் பிள்ளைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து பார்த்துவரும் ஆய்வு ஒன்றும் உண்டு. பண்ணையில் வளரும் பிள்ளைகளின் குடல் நுண்ணுயிர்கள் முதல் ஆண்டுக்குள் நன்கு முதிர்ந்தால், அவர்களுக்குப் பின்னாளில் ஆஸ்துமா குறைவு என்று 2020இல் அது சொன்னது. அந்தக் காப்பில் பியூட்டிரேட் தரும் பாக்டீரியாக்களுக்கும் பங்கு இருந்தது. மூச்சுக்குழாயும் குடலும் இங்கே ஒன்று சேர்கின்றன.

பண்ணை இல்லாதவர்கள் என்ன செய்வது? ஃபின்லாந்தில் சரளை கொட்டிய மழலையர் காப்பக முற்றங்களில் காட்டு மண்ணும் புல்தரையும் பரப்பி, 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளை 28 நாள் விளையாட விட்டார்கள். தோலிலும் குடலிலும் நுண்ணுயிர் வகைகள் மாறின. ரத்தத்தில் போரை அடக்கும் பக்கம் வலுத்ததற்கான அடையாளங்கள் தெரிந்தன. இந்த முடிவும் 2020இல்தான் வந்தது.

இதை வைத்து எதைச் சொல்லக் கூடாது

நம் கூட்டங்களில் ஆர்வத்தில் சிலர் அளவுக்கு மீறிப் பேசிவிடுகிறோம். அதனால் நான்கு செய்திகளை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று. இங்கே சொன்ன ஆய்வுகள் எதுவும் இயற்கை வேளாண்மையையும் ரசாயன வேளாண்மையையும் ஒப்பிட்டவை அல்ல. அவை ஒப்பிட்டது கால்நடையோடு நெருங்கிய வாழ்க்கையையும் விலகிய வாழ்க்கையையும். "இயற்கை விவசாயம் செய்தால் ஆஸ்துமா வராது" என்று இதைக் காட்டிப் பேசினால் அது பொய்.

இரண்டு. ஐரோப்பிய ஆய்வுகளில் காய்ச்சாத பால் குடித்த பிள்ளைகளுக்கு ஆஸ்துமா குறைவாக இருந்தது உண்மை. ஆனால் அந்த ஆய்வாளர்களே காய்ச்சாத பாலைப் பரிந்துரைக்கவில்லை. கன்று வீச்சு நோயின் கிருமியும் காசநோய்க் கிருமியும் பால் வழியாக வரும். பாலைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

மூன்று. எல்லாத் தூசியும் தொழுவத்துத் தூசி ஆகாது. பூசணம் பிடித்த வைக்கோலின் தூசி பெரியவர்களுக்கே நுரையீரல் நோயைத் தரும். 'உழவர் நுரையீரல்' என்றே அதற்குப் பெயர். மருந்தடித்த வயலின் காற்றும் நெல் அரவை ஆலைத் தூசியும் பிள்ளைக்கு நல்லதல்ல. சாணத்தில் நல்ல நுண்ணுயிரோடு ரணஜன்னிக் கிருமியும் இருக்கும். புண்ணிலும் தொப்புள்கொடியிலும் சாணம் படவே கூடாது, தடுப்பூசியை விடக் கூடாது.

நான்கு. பெரியவர் சொன்ன "எங்களுக்கு என்ன கெட்டுப் போச்சு" என்பதில் ஒரு ஓட்டை உண்டு. அந்தக் காலத்தில் பிழைக்காமல் போன பிள்ளைகள் இன்று வந்து பேச முடியாது. வயிற்றுப்போக்கிலும் ரணஜன்னியிலும் இழந்த பிள்ளைகள் எத்தனை என்று நம் பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

நம் வீட்டில் செய்யக்கூடியது

- ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். பிறந்தவுடன் வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள்.
- நார் வகைகளைக் கூட்டுங்கள். பட்டை தீட்டாத அரிசி, சிறுதானியம், முழுப் பயறு, கீரை, வாழைத்தண்டு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பங்கு செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. அதுவும் பெருங்குடல் பாக்டீரியாவுக்குத் தீனிதான்.
- சாதாரணச் சளிக்கு மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். வயலில் கண்டபடி பூச்சிக்கொல்லி அடித்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் சாகின்றன அல்லவா? அதே இழப்புதான் குடலிலும். மருத்துவர் தேவை என்று எழுதிக் கொடுத்தால் முழுதாகக் கொடுங்கள்.
- கர்ப்பிணி தொழுவத்தைத் தொடக்கூடாது என்பதில்லை. ஆனால் கன்று வீசிய மாடு, அதன் நஞ்சுக்கொடி, ஈற்றுக் கழிவு இவற்றின் பக்கம் போகவே கூடாது.
- நலமான பிள்ளை முற்றத்து மண்ணில் விளையாடட்டும், கன்றைத் தடவட்டும். சாப்பிடுமுன் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். மருத்துவர் சொல்லும்போது குடற்புழு மாத்திரை கொடுங்கள்.

தங்கைக்குப் பதில்

அந்தத் தங்கைக்கு நான் சொன்னது இதுதான்: "உங்க மாமியார் சொன்னதுல உண்மை இருக்கும்மா. ஆனா அது புள்ள வயித்துல இருக்கற காலத்துக்கும் பொறந்த முதல் ஒண்ணு ரெண்டு வருசத்துக்கும் உள்ள உண்மை. டாக்டர் சொன்னது, இழுப்பு வந்துட்ட புள்ளைக்கு இன்னைக்கு உள்ள உண்மை. அதனால இன்ஹேலரை நிறுத்தாதீங்க. வைக்கோல் உதறும்போதும் கொட்டாய் கூட்டும்போதும் பையனைத் தள்ளி வையுங்க. வீசிங் அடங்கி இருக்கற நாள்ல முற்றத்துல விளையாடலாமான்னு டாக்டரையே கேளுங்க."

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அடுத்த புள்ளைக்குத்தான் அத்தை சொல்றது பலிக்குமா அண்ணே?" என்றார். "பலிக்க வாய்ப்பு கூடும், உறுதின்னு சொல்ல முடியாது. ஆனா அதுக்கு அப்ப வீட்டுல மாடு இருக்கணுமேம்மா" என்றேன். போன வருடம்தான் அவர்கள் இரண்டு மாட்டையும் விற்றிருந்தார்கள். பால் விலை கட்டவில்லை, மேய்க்க ஆளில்லை. நம்மில் பலர் வீட்டுக் கதையும் அதுதான்.

மாடு போனால் எருவும் பாலும் போகும் என்றுதான் இதுவரை கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கில் பிள்ளைகளின் மூச்சையும் இனிச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஊர்க் கூட்டத்தில் பேச

1. உங்கள் ஊரில் 20 ஆண்டுகளுக்கு முன் எத்தனை வீட்டில் கால்நடை இருந்தது, இன்று எத்தனை வீட்டில் இருக்கிறது? எத்தனை வகை?
2. ஆமிஷ், ஹட்டரைட் பிள்ளைகளின் மரபு ஒன்றாக இருந்தும் நோய் ஏன் வேறுபட்டது? உங்கள் சொந்தச் சொற்களில் சொல்லிப் பாருங்கள்.
3. 'கிருமி இருந்தால் நோய்', 'மண்ணில் புரண்டால் நோயே வராது' ஆகிய இரண்டு பேச்சிலும் உள்ள பிழை என்ன?